லிமிடெட் கம்பெனியை மூடிவிட்டு பெர்மனன்ட் வேலைக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து, அதன் வழியாக பில் போட்டு, ஐடி கான்ட்ராக்டராகக் காலம் தள்ளிய நம்மவர்கள் நிறையப் பேர். 2021 ஏப்ரலில் ஐஆர்35 என்ற வரி விதியின் மாற்றம் தனியார் துறைக்கும் வந்தது. ஒரு கான்ட்ராக்டர் பெயரளவில் மட்டும் கான்ட்ராக்டரா, உண்மையில் ஊழியரா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பெரிய, நடுத்தர கிளையண்ட்களின் தலையில் விழுந்தது. எதற்கு வம்பு என்று அவர்கள் ஒதுங்க, பலர் பெர்மனன்ட் வேலைக்கு நகர்ந்தார்கள், இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். நகர்ந்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். நான் அக்கவுண்டன்ட் இல்லை. பெரிய தொகை இருந்தால் இதைப் படித்துவிட்டு உங்கள் அக்கவுண்டன்டிடம் பேசுங்கள், குறைந்தபட்சம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

வேலை கிடைச்சிடுச்சு. கம்பெனியை மூடியே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. நீங்கள் ஓரிடத்தில் ஊழியராக இருந்துகொண்டு இன்னொரு கம்பெனிக்கு டைரக்டராகவும் இருக்கச் சட்டத்தில் தடை கிடையாது. தடை வந்தால் புது வேலையின் ஒப்பந்தத்திலிருந்துதான் வரும். வெளி வியாபாரம் எதுவும் வைத்திருக்கக் கூடாது, இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று ஒரு பத்தி அதில் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்து போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஆக உங்களுக்கு மூன்று வழி: மூடுவது, தூங்கப்போடுவது (டார்மன்ட்), சும்மா அப்படியே விட்டுவிடுவது. மூன்றாவது வழியே கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் அறிக்கையும் போகாத கம்பெனிக்கு அபராதக் கடிதம் வந்துகொண்டே இருக்கும், வேலையே செய்யாத வருடத்துக்கும் வரும்.

டார்மன்ட்டா வெச்சுக்கறதுல என்ன நஷ்டம்? நாளைக்கு திரும்ப கான்ட்ராக்ட் வந்தா உதவுமே?

உதவும். ஆனால் டார்மன்ட் கம்பெனியும் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் கம்பெனிஸ் ஹவுஸுக்குக் கணக்கும், பதிவு விவரங்கள் சரிதான் என்று உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட்டும் அனுப்ப வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. 2025 நவம்பர் 18 முதல் டைரக்டர்கள் அடையாளச் சரிபார்ப்பும் செய்தாக வேண்டும், தூங்கும் கம்பெனி என்று விலக்கு இல்லை. அக்கவுண்டன்ட் இதற்கென்று மாதாமாதம் ஏதாவது வாங்கினால், சில வருடத்தில் புதுக் கம்பெனி தொடங்கும் செலவைவிட அதிகமாகிவிடும்.

இன்னொரு சங்கதி, கம்பெனியின் சேமிப்புக் கணக்கில் பணம் கிடந்து வட்டி வந்தால் வரித்துறையான எச்எம்ஆர்சி பார்வையில் அது டார்மன்ட் இல்லை. கார்ப்பரேஷன் டாக்ஸ் ரிட்டர்ன் போட வேண்டும். வியாபாரம் நின்று வெறும் வட்டி வாங்கும் கம்பெனி என்றால் சின்ன லாபத்துக்கான 19 சதவீத விகிதம்கூடக் கிடைக்காமல் 25 சதவீதத்தில் நிற்க வாய்ப்பு உண்டு. பெரிய பணம் உள்ளே கிடக்கும் கம்பெனியைத் தூங்கப்போடுவது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை. பணம் இல்லாத கம்பெனியைத் தூங்கப்போடுவதில் தப்பில்லை.

சரி, மூடறதுன்னு முடிவு. எப்போ ஆரம்பிக்கலாம்?

புரொபேஷன் முடியட்டும். புது வேலையில் மூன்று மாதமோ ஆறு மாதமோ போடுவார்கள். அதற்குள் அவர்களுக்கு உங்களைப் பிடிக்காமல் போகலாம், உங்களுக்கு அவர்களைப் பிடிக்காமல் போகலாம், இது அடிக்கடி நடப்பதுதான். எப்படியும் கடைசியாக வியாபாரம் செய்து மூன்று மாதம் ஆனால்தான் மூடும் விண்ணப்பமே போட முடியும் (கீழே சொல்கிறேன்), ஆகவே காத்திருப்பதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது.

ஆனால் மூடுவதைத்தான் தள்ளிப்போடலாம், வியாபாரம் நின்றதைச் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வாட், பேரோல், கார்ப்பரேஷன் டாக்ஸ் மூன்றுக்கும் "இந்தத் தேதியோடு நிறுத்திவிட்டேன்" என்று உடனே சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

மூடறதுக்கு எத்தனை வழி இருக்கு?

கடன் இல்லாத, எல்லாம் கட்டி முடித்த கம்பெனிக்கு இரண்டு. முதலாவது ஸ்ட்ரைக் ஆஃப்: டிஎஸ்01 என்ற படிவத்தைப் போட்டு கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்வது. நீங்களே ஆன்லைனில் செய்யலாம், செலவு சில பத்து பவுண்டுக்குள். 2024 மே மாதம் 33 பவுண்டாக உயர்த்தினார்கள், இந்தக் கட்டணங்களை மாற்றிக்கொண்டே இருப்பதால் போடும் நாளில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் கணக்கிலிருந்து காசோலை கொடுத்து இதைக் கட்ட முடியாது.

இரண்டாவது எம்விஎல், அதாவது பங்குதாரர்கள் தாங்களாகவே முன்வந்து செய்யும் லிக்விடேஷன். லைசென்ஸ் பெற்ற இன்சால்வன்சி பிராக்டிஷனர் (கம்பெனிகளின் கடனைத் தீர்த்து மூடித்தரும் நிபுணர்) ஒருவரை நியமித்து, கம்பெனியால் 12 மாதத்துக்குள் எல்லாக் கடனையும் அடைக்க முடியும் என்று டைரக்டர்கள் உறுதிமொழி கொடுத்துச் செய்வது. இதற்குச் சில ஆயிரம் பவுண்டு வரை ஆகலாம். எதைத் தேர்வது என்பது முழுக்க உள்ளே எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடன் அதிகம், பணம் குறைவு என்றால் இந்த இரண்டுமே இல்லை, அது வேறு கதை.

எல்லாரும் முதல்ல டிஎஸ்01 போடுன்னு சொல்றாங்களே?

டிஎஸ்01 கடைசியில் போடுவது. அதைப் போட்டதும் அரசிதழான கெஜட்டில் அறிவிப்பு வரும், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து கம்பெனி கலைக்கப்படும். கெஜட் அறிவிப்பைப் பார்த்ததும் கணக்கை முடக்கும் வங்கிகள் உண்டு. உள்ளே பணமும் வெளியே கட்ட வேண்டிய வரியுமாக இருக்கும்போது இந்தக் கடிகாரத்தை ஓடவிட்டால் தலைவலிதான்.

வரிசை ஏறக்குறைய இப்படிப் போனால் நிம்மதி. கடைசி பில்லைப் போட்டுப் பணத்தை வாங்குங்கள். வாட் பதிவை ரத்து செய்து கடைசி ரிட்டர்னை அனுப்புங்கள். பேரோலை மூடுங்கள். வியாபாரம் நின்ற நாள் வரைக்கும் கணக்கை முடித்து, சிடி600 என்ற கார்ப்பரேஷன் டாக்ஸ் ரிட்டர்னோடு எச்எம்ஆர்சிக்கு அனுப்பி, இதுதான் கடைசி என்று குறிப்பிட்டு கார்ப்பரேஷன் டாக்ஸைக் கட்டிவிடுங்கள். ஒன்பது மாதம் ஒரு நாள் அவகாசம் உண்டுதான், ஆனால் முன்கூட்டிக் கட்ட யாரும் தடுக்கவில்லை. எச்எம்ஆர்சியிடமிருந்து வர வேண்டிய ரீஃபண்ட் இருந்தால் அது வந்து சேரும் வரை பொறுங்கள். இன்ஷூரன்ஸ், சாஃப்ட்வேர் சந்தா, தகவல் பாதுகாப்புப் பதிவான ஐசிஓவுக்குப் போகும் டைரக்ட் டெபிட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அப்புறம் மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வங்கிக் கணக்கை மூடி, அதன் பிறகு டிஎஸ்01.

போட்ட ஏழு நாளுக்குள் அதன் நகலைப் பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள், ஊழியர்கள், கையெழுத்திடாத டைரக்டர்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் எச்எம்ஆர்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரோ இருவரோ டைரக்டர் என்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதனால் "மூடப்போகிறோமே" என்று அவசரப்பட்டு டைரக்டர் பதவியை ராஜினாமா செய்துவிடாதீர்கள், கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

மூணு மாசம்னா எந்த நாள்ல இருந்து எண்றது? கடைசி பில் பணம் லேட்டா வந்துச்சு.

கடைசியாக வியாபாரம் செய்த நாளிலிருந்து. பழைய வேலைக்கான பணம் பிறகு வந்து சேர்வதோ, பழைய கடனைக் கட்டுவதோ, அக்கவுண்டன்டுக்குக் கொடுப்பதோ வியாபாரம் ஆகாது, கம்பெனியின் விவகாரங்களை முடித்துவைக்கச் செய்யும் காரியங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் பழைய கிளையண்ட் கூப்பிட்டார் என்று நடுவில் ஒரு வாரயிறுதி வேலை செய்து பில் போட்டால் மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதே மூன்று மாதத்துக்குள் கம்பெனியின் பெயரையும் மாற்றியிருக்கக் கூடாது.

வாட் ரத்து பண்றதுக்கு ஏதாவது கெடு இருக்கா?

வரிக்குரிய வியாபாரம் நின்ற 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். ரத்தாகும் தேதி வரைக்குமான கடைசி ரிட்டர்ன் ஒன்று போகும். கம்பெனி வாட்டைக் கழித்து வாங்கிய லேப்டாப், மானிட்டர் போன்றவை கையில் இருந்தால் அவற்றின் இன்றைய மதிப்புக்கு வாட் கணக்கிட வேண்டும், அந்த வாட் 1,000 பவுண்டைத் தாண்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். சாதாரண கான்ட்ராக்டரின் ஒரு மேஜை, இரண்டு திரை அந்த எல்லையைத் தொடவே தொடாது.

பதிவு ரத்தான பிறகு வரும் அக்கவுண்டன்ட் பில்லில் இருக்கும் வாட்டை வாட்427 என்ற படிவத்தில் திரும்பக் கேட்கலாம். பலருக்குத் தெரியாத படிவம் இது.

என் கம்பெனிகிட்ட இருந்து நானே பி45 வாங்கணுமா? சிரிப்பா இருக்கே.

சிரிப்பாக இருந்தாலும் வாங்குங்கள். பி45 என்பது வேலையை விட்டு விலகும்போது அதுவரை வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் தாள். உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுத்திருந்தால் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர். பேரோலில் கடைசிச் சம்பள அறிக்கையை "திட்டம் முடிந்தது" என்று குறித்து அனுப்பி, பி45 எடுத்துப் புது முதலாளியிடம் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நிறைய கான்ட்ராக்டர்கள் வருடத்துக்கு 12,570 பவுண்டு, அதாவது வரியில்லாத எல்லை முழுவதையும் கம்பெனியிலிருந்து சம்பளமாக எடுப்பார்கள், சிலர் அதை ஏப்ரலிலேயே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். புது இடத்தில் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் நிரப்பும்போது "ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை" என்ற கட்டத்தில் டிக் போட்டால், அந்த வரியில்லாத எல்லையை மறுபடி முழுதாகக் கொடுப்பார்கள். மாதாமாதம் சம்பளம் இனிப்பாக வரும், பிறகு எச்எம்ஆர்சி அந்த வரியைத் திருப்பிக் கேட்கும்.

மிச்சப் பணத்தை எப்படி எடுக்கறது? இந்த 25,000 கணக்கு என்ன?

ஸ்ட்ரைக் ஆஃப் வழியில் போகும்போது, மூடுவதற்காகப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மொத்தத் தொகை 25,000 பவுண்டுக்குள் இருந்தால் அது டிவிடெண்ட் ஆகாது, மூலதன வரவு, அதாவது கேப்பிடல் கெயின்ஸ் கணக்கில் போகும். 2012 மார்ச்சிலிருந்து இதுதான் சட்டம். ஆளுக்கு 25,000 இல்லை, கம்பெனி மொத்தத்துக்கும் 25,000. நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு பவுண்டு தாண்டினாலும் தாண்டிய ஒரு பவுண்டு மட்டுமல்ல, முழுத் தொகையும் டிவிடெண்ட் ஆகிவிடும். அதோடு பணத்தைப் பிரித்த இரண்டு வருடத்துக்குள் கம்பெனி உண்மையிலேயே கலைக்கப்பட்டிருக்க வேண்டும், கடன்களையும் தீர்த்திருக்க வேண்டும். பணத்தை எடுத்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று டிஎஸ்01 போடாமல் விட்டால் பழைய கணக்கு மாறி, அந்தப் பணம் டிவிடெண்ட் ஆகிவிடும்.

உள்ள 40,000 இருக்கு. 15,000ஐ முதல்ல டிவிடெண்டா எடுத்துட்டு 25,000ஐ கேப்பிடலா எடுத்தா?

எல்லோரும் யோசிக்கும் தந்திரம்தான். வழக்கம்போல் வருடா வருடம் எடுக்கும் டிவிடெண்டை, மூடும் எண்ணமே வருவதற்கு முன், முறையாகத் தீர்மானம் போட்டு எடுத்திருந்தால் அது தனிக் கணக்கு. ஆனால் மூட முடிவெடுத்த பிறகு, 25,000க்குக் கீழே கொண்டுவருவதற்கென்றே எடுத்தால், அதுவும் மூடுவதை எதிர்பார்த்துப் பிரித்த பணம்தானே என்று எச்எம்ஆர்சி சேர்த்து எண்ணலாம். சேர்த்து எண்ணினால் என்ன ஆகும் என்பது மேலே இருக்கிறது. இந்த இடத்தில் அக்கவுண்டன்டிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொகையைக் குறைக்கச் சுத்தமான வழி பென்ஷன், அது கீழே.

எம்விஎல்லுக்கு அவ்வளவு செலவு பண்ணி என்ன மிச்சம்?

ஒரு கணக்குப் போடுவோம். எல்லா வரியும் கட்டிய பிறகு கம்பெனியில் 60,000 பவுண்டு. நீங்கள் ஒரே பங்குதாரர், புது வேலைச் சம்பளத்திலேயே மேல் விகித வரியில் இருக்கிறீர்கள். ஸ்ட்ரைக் ஆஃப் செய்தால் அறுபதாயிரமும் டிவிடெண்ட். 2026 ஏப்ரல் முதல் மேல் விகிதம் 35.75 சதவீதம், 500 பவுண்டு விலக்கு போக வரி சுமார் 21,270. எம்விஎல் செய்தால் அது மூலதன வரவு, 3,000 பவுண்டு விலக்கு போக 57,000க்கு வரி. பிசினஸ் அசெட் டிஸ்போசல் ரிலீஃப் என்ற சலுகை கிடைத்தால் 18 சதவீதம், 10,260 பவுண்டு. அந்தச் சலுகை கிடைக்காவிட்டாலும் 24 சதவீதம், 13,680. லிக்விடேட்டருக்கும் வாட்டுக்கும் கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கிறது.

இந்தச் சலுகை விகிதம் 2025 ஏப்ரல் 5 வரை 10 சதவீதமாக இருந்தது, அடுத்த வருடம் 14, இப்போது 18. பழைய பத்து சதவீதத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சலுகைக்கு நிபந்தனையும் உண்டு: வியாபாரம் நிற்பதற்கு முந்தைய இரண்டு வருடமும் குறைந்தது 5 சதவீதப் பங்கும், டைரக்டர் அல்லது ஊழியர் என்ற நிலையும் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும், நின்ற மூன்று வருடத்துக்குள் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டிவிடெண்ட் உங்கள் வருமானத்தில் ஏறும், மூலதன வரவு ஏறாது. வருமானம் 60,000ஐத் தாண்டினால் சைல்ட் பெனிஃபிட் கரையத் தொடங்கி 80,000இல் முழுதாகப் போய்விடும். 1,00,000ஐத் தாண்டினால் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் போகும், வரியில்லாத 12,570ம் தேயத் தொடங்கும். மேலே போட்ட கணக்கில் இந்த இழப்பைச் சேர்க்கவே இல்லை.

மனைவி பேர்ல பாதி பங்கு இருக்கு. அவங்களுக்கும் இந்தச் சலுகை உண்டா?

3,000 பவுண்டு விலக்கு அவர்களுக்கும் தனியாக உண்டு, அது பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது. ஆனால் 18 சதவீதச் சலுகைக்கு வெறும் பங்கு மட்டும் போதாது. அவர் அந்த இரண்டு வருடமும் டைரக்டராகவோ, கம்பெனி செக்ரட்டரியாகவோ, ஊழியராகவோ இருந்திருக்க வேண்டும். "பேருக்குப் பங்கு போட்டு வெச்சேன், வேற எதுவும் இல்ல" என்றால் சாதாரண விகிதம்தான், அதாவது அவருடைய வருமானத்தைப் பொறுத்து 18 அல்லது 24. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு பகுதி எப்படியும் 18 சதவீதத்திலேயே வந்துவிடும், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பென்ஷன்ல போட்டுடலாம்னு சொல்றாங்க, அது எப்படி?

நல்ல யோசனை, பணம் இப்போதைக்குத் தேவையில்லை என்றால். கம்பெனியே முதலாளி என்ற முறையில் உங்கள் பென்ஷனில் கட்டினால் அது கம்பெனியின் செலவு, கார்ப்பரேஷன் டாக்ஸ் குறையும், உங்களுக்கு உடனடி வருமான வரியும் இல்லை. வருட எல்லை பொதுவாக 60,000 பவுண்டு. முந்தைய மூன்று வருடத்தில் பயன்படுத்தாத எல்லையையும், அப்போது பென்ஷன் திட்டத்தில் உறுப்பினராக இருந்திருந்தால், சேர்த்துக்கொள்ளலாம். புது முதலாளி கட்டுவதும் அதே எல்லைக்குள்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வியாபாரம் நிற்பதற்கு முன்பே, கம்பெனியின் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டிவிடுங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்கு எடுத்து அதிலிருந்து கட்டினால் இது பொருந்தாது. எடுக்கும் வயது இப்போது 55, 2028 ஏப்ரலில் 57 ஆகிறது. முப்பத்தைந்து வயதில் இருக்கிற ஒருவர் எல்லாவற்றையும் அங்கே பூட்டிவைப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது அவரவர் வீட்டுக் கடனைப் பொறுத்தது.

கம்பெனிகிட்ட இருந்து நான் எடுத்த கடன் பாக்கி இருக்கு. மூடினா அதுவும் மறைஞ்சிடுமா?

மறையாது. டைரக்டர் லோன் என்பது கம்பெனிக்கு நீங்கள் தர வேண்டிய பணம், அதாவது கம்பெனியின் சொத்து. திருப்பிக் கட்டலாம், அல்லது முறையாக டிவிடெண்ட் அறிவித்து அதில் கழித்துக்கொண்டு அந்த டிவிடெண்டுக்கு வரி கட்டலாம். தள்ளுபடி செய்தால் அது உங்களுக்கு டிவிடெண்ட் போல வரிக்கு வரும், அதோடு நேஷனல் இன்ஷூரன்ஸும் வந்து ஒட்டிக்கொள்ளும். கணக்கு வருடம் முடிந்து ஒன்பது மாதம் கடந்தும் கட்டாமல் இருந்தால் கம்பெனி தனியாக ஒரு வரி கட்ட வேண்டும், அந்த விகிதம் டிவிடெண்டின் மேல் விகிதத்தோடு சேர்ந்தே நகர்வது. கடனைத் திருப்பிக் கட்டிய பிறகு அந்த வரி திரும்ப வரும், ஆனால் உடனே வராது. மூடும் அவசரத்தில் இருக்கும் கம்பெனிக்கு அந்தக் காத்திருப்பு பெரிய இடைஞ்சல்.

கோவிட் நேரத்துல வாங்கின பவுன்ஸ் பேக் லோன் பாக்கி இருக்கு ப்ரோ. டிஎஸ்01 போட்டா யார் கண்டுபிடிக்கப் போறா?

கண்டுபிடிப்பார்கள். அந்தக் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது, டிஎஸ்01 போட்டால் வங்கியோ அரசாங்கமோ ஆட்சேபிக்கும். தப்பித்தவறிக் கலைக்கப்பட்டுவிட்டாலும், கலைக்கப்பட்ட கம்பெனியின் டைரக்டர்களை விசாரிக்கும் அதிகாரத்தை இன்சால்வன்சி சர்வீஸ் என்ற அரசு அமைப்புக்கு 2021இல் வந்த சட்டம் கொடுத்திருக்கிறது. 15 வருடம் வரை டைரக்டராக இருக்கத் தடை விதிக்க முடியும். கட்டி முடியுங்கள், முடியவில்லை என்றால் இன்சால்வன்சி பிராக்டிஷனரிடம் போங்கள்.

அண்ணை, கொம்பனிய மூடினா பாங்கில கிடக்கிற காசு அரசாங்கத்துக்குப் போயிடுமாம், உண்மையோ?

உண்மைதான். கம்பெனி கலைக்கப்படும் நொடியில் அதன் பெயரில் என்ன இருந்தாலும், வங்கிப் பணம், இணைய முகவரி, வர வேண்டிய ரீஃபண்ட், எல்லாம் அரசுக்குச் சேர்ந்துவிடும். போனா வேகன்ஷியா என்று லத்தீனில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். திரும்பப் பெற வேண்டுமானால், நீங்களாகவே விண்ணப்பித்து மூடிய கம்பெனி என்பதால், நீதிமன்றம் போய்த்தான் பதிவேட்டில் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஆறு வருட அவகாசம் உண்டு. ஆனால் நூறு இருநூறு பவுண்டுக்காக யார் போவார்கள்? இணைய முகவரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், குடும்ப மின்னஞ்சல் அதில் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். லேப்டாப்பும் அப்படித்தான், சந்தை விலைக்குக் கம்பெனியிடமிருந்து வாங்கியதாக ஒரு பில் போட்டுவிடுங்கள்.

எச்எம்ஆர்சி ஆட்சேபம் பண்ணிட்டதா கடிதம் வந்திருக்கு. பெரிய பிரச்சனையா?

பெரும்பாலும் இல்லை. ஏதோ ஒரு ரிட்டர்ன் வரவில்லை, அல்லது கொஞ்சம் வரி பாக்கி. பேரோலை மூடாமல் விட்டதால் மாதாமாத அறிக்கை பாக்கி என்று அவர்கள் கணினி நினைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. என்ன பாக்கி என்று கேட்டு அதை அனுப்பிவிட்டு, ஆட்சேபத்தை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும், கம்பெனி உயிரோடுதான் இருக்கும், அதனால் கம்பெனிஸ் ஹவுஸ் கெடுக்கள் அந்த இடைவெளியிலும் ஓடும். நடுவில் மனம் மாறினால் டிஎஸ்02 போட்டு விண்ணப்பத்தையே திரும்பப் பெறலாம்.

எம்விஎல் பண்ணிட்டு ஆறு மாசத்துல வேலை பிடிக்கலைன்னு திரும்ப கான்ட்ராக்ட் போனா?

இங்கேதான் கவனம். 2016 ஏப்ரலிலிருந்து ஒரு தடுப்பு விதி இருக்கிறது. லிக்விடேஷனில் பணம் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் அதே மாதிரி வியாபாரத்தில் நீங்கள் புதுக் கம்பெனி வழியாகவோ, தனியாகவோ, உங்களோடு தொடர்புள்ளவர் வழியாகவோ ஈடுபட்டு, மூடியதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று வரியைக் குறைப்பது என்றும் தெரிந்தால், அந்தப் பணம் முழுவதும் டிவிடெண்டாகக் கருதப்படும்.

எச்எம்ஆர்சி தன் வழிகாட்டியிலேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறது. ஒரு ஐடி கான்ட்ராக்டர் ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் ஒரு கம்பெனி தொடங்கி, முடிந்ததும் லிக்விடேட் செய்கிறார், அவர் மாட்டுவார். இன்னொருவர் அக்கவுண்டன்ட், சொந்தக் கம்பெனி நடத்தும் ரிஸ்க் வேண்டாம் என்று மூடிவிட்டு அண்ணன் தம்பி நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். தொடர்புள்ளவர் என்றாலும், வரிக்காக மூடவில்லை என்பதால் அவர் மாட்டமாட்டார். சம்பந்தமே இல்லாத நிறுவனத்தில் பெர்மனன்டாகச் சேரும் உங்களுக்கு இன்னும் பாதுகாப்பு. ஆஃபர் லெட்டரையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள், ஏன் மூடினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புரொபேஷன் முடியட்டும் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடிட்டா பழைய ஐஆர்35 கேஸ் எல்லாம் முடிஞ்சதா? பேப்பர்களை எரிச்சிடலாமா?

எரிக்காதீர்கள். எச்எம்ஆர்சி நினைத்தால் நீதிமன்றம் போய்க் கலைத்த கம்பெனியை எழுப்பலாம், சில சூழ்நிலைகளில் டைரக்டரையே நேரடியாகப் பொறுப்பாக்கலாம். பில், வங்கி ஸ்டேட்மென்ட், கான்ட்ராக்ட் எல்லாவற்றையும் கலைக்கப்பட்டதிலிருந்து 7 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆள் வைத்து வேலை வாங்கி எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தப் பாலிசி நகலை 40 வருடம் வைக்கச் சொல்கிறார்கள். ஆம், நாற்பது. கிளையண்ட் கொடுத்த ஐஆர்35 தீர்மானக் கடிதங்களையும், நீங்கள் தனித்து இயங்கினீர்கள் என்று காட்டும் மின்னஞ்சல்களையும் கூடவே வையுங்கள். கிளையண்டின் மின்னஞ்சலில் மட்டும் இருப்பவை போனது போனதுதான்.

பழைய வேலையில் குறை இருந்ததாக யாராவது பின்னால் கேஸ் போடக்கூடும் என்ற பயம் இருந்தால், புரொஃபெஷனல் இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸில் ரன் ஆஃப் கவர் என்று, வியாபாரம் நின்ற பிறகும் பாதுகாப்பு தரும் ஒன்று எடுக்கலாம். கான்ட்ராக்டிலேயே அதைக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெர்மனன்ட் வேலை சென்னையில. அங்க போயிட்டு மூடினா வரியே இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரே?

பாதி உண்மை. பிரிட்டனில் வசிக்காதவருக்கு இப்படி வரும் மூலதன வரவில் இங்கே வரி வராமல் போகலாம். ஆனால் போவதற்கு முந்தைய ஏழு வரி வருடத்தில் நான்கிலாவது இங்கே வசித்தவர், ஐந்து வருடத்துக்குள் திரும்பி வந்தால், நடுவில் எடுத்த அந்தப் பணத்துக்குத் திரும்பிய வருடத்தில் வரி விழும். இந்தியப் பக்கம் என்ன வரும் என்பது அங்கே உங்கள் ரெசிடென்ட் நிலையைப் பொறுத்தது, இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் போங்கள். நடைமுறைச் சிக்கல் வேறு: இங்கே முகவரி போய், பழைய போன் நம்பரும் போய், வங்கி அனுப்பும் கோட் வராமல் தவிப்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கை மூடும்வரை இங்கத்திய சிம்மை வைத்திருங்கள்.

எல்லாம் முடிஞ்சுது. செல்ஃப் அசெஸ்மென்ட் இனி வேண்டாம்தானே?

கம்பெனியிலிருந்து பணம் எடுத்த வருடத்துக்கு, நீங்களே கணக்குக் காட்டும் அந்த வரி ரிட்டர்ன் வேண்டும். டிவிடெண்ட், மூலதன வரவு எல்லாவற்றையும் அதில்தான் காட்ட வேண்டும். அதற்கடுத்த வருடம் சம்பளம் மட்டும்தான் என்றால், இனி தேவையில்லை என்று எச்எம்ஆர்சியிடம் சொல்லி நீக்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் ரிட்டர்ன் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் பணம் கட்டும் இடம் ஒன்று உண்டு. கான்ட்ராக்டராக இருந்த வருடத்து டிவிடெண்ட் வரியை வைத்து, அடுத்த வருடத்துக்கும் அதே அளவு வரும் என்று ஜனவரி 31க்கும் ஜூலை 31க்கும் பாதிப்பாதியாக முன்பணம் கேட்பார்கள். உங்களுக்கு இப்போது டிவிடெண்டே இல்லை, வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. ஆன்லைனிலோ எஸ்ஏ303 படிவத்திலோ அந்த முன்பணத்தைக் குறைக்கச் சொல்லலாம். மூடும்போது வந்த மூலதன வரவின் வரி இந்த முன்பணக் கணக்கில் சேராது. ரொம்பவும் குறைத்துவிட்டு, பிறகு வரி வந்தால் வட்டி போடுவார்கள், ஆகவே கம்பெனியிலிருந்து கடைசியாக எந்த மாதம் பணம் எடுத்தீர்கள், அது ஏப்ரல் 5க்கு முன்னா பின்னா என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள்.